தூக்க முடியாத வாள்

விளையாட்டைப் பற்றி ஒரு நாவலாசிரியன் விமரிசனம் எழுதலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கிரிக்கெட்டைப் பற்றி எழுதலாம். அதற்கு ஒரு மரியாதை உண்டு. சீட்டாட்டத்தைப் பற்றிக்கூட நாசூக்காக நாலு வரி எழுதிவிடலாம். டெலிவிஷனில் பொம்மையை ஓடவிட்டுப் பொத்தானைத் தட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பது அவருடைய கட்சி. இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் பெட்டிக்குள் கதை புகுந்து ஏறக்குறைய நாற்பது வருஷமாகிறது. கதை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று எட்டிப் பார்க்கக் கதை எழுதுகிறவனுக்குப் பாத்தியதை உண்டு.

இதில் நான் கரைகண்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குன்றத்தூரில், ராத்திரிச் சாப்பாடு முடிந்து சமையலறைச் சத்தம் அடங்கிய பிறகு, ஒரு மணி நேரம் விளையாடுகிறவன் நான். ரிச்சி தெருவிலிருந்து கன்ஸோல் ஒன்றை வாங்கி வந்து எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவன் என் தமக்கை மகன். அவன் ஒரே நாளில் கடக்கிற தூரத்தை நான் பதினைந்து நாளில் கடக்கிறேன். விமரிசனத்துக்கு இந்த வேகம் தோதானது. வேகமாகப் போகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை.

நான் பேசப்போவது எல்லா விளையாட்டுக்களையும் பற்றி அல்ல. 'ரோல் பிளேயிங்' என்று ஒரு ஜாதி இருக்கிறது. வேஷ விளையாட்டு என்று சொல்லிக்கொள்வோம். விளையாடுகிறவன் ஒரு பாத்திரத்தின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான்; மனிதர்களோடு பேசுகிறான்; அரக்கர்களோடு மோதுகிறான்; கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் பெறுகிறான். மூலம் அமெரிக்காவில் 1974-ல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் சொல்லி ஆடுகிற ஆட்டம் அது. அதன் வழியில் வந்ததை ஜப்பானில் 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்' என்ற பெயரில் வீட்டு டெலிவிஷனுக்குக் கொண்டு வந்தவர் யூஜி ஹோரி. அவர் அதற்கு முன்பு பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என்பதை நம் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும். நம் தொழில்காரர் ஒருவர் கட்டிய வீடுதான் இது.

நம் ஊருக்கு இந்த ஜாதி வெகு தாமதமாகத்தான் வந்தது. 1990-களில் நடுத்தர வீடுகளுக்கு வந்த டி.வி. கேம் பெட்டிகள் பலருக்கு நினைவிருக்கும். சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்றெல்லாம் பெயர். மஞ்சளும் சிவப்புமாக கேஸட்டுகள். ஒரே கேஸட்டில் எத்தனையோ ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும், திறந்து பார்த்தால் பத்து ஆட்டந்தான் திரும்பத் திரும்ப வரும். மரியோ குதிப்பான், காண்ட்ரா வீரர்கள் சுடுவார்கள். குதிப்பதற்கும் சுடுவதற்கும் பாஷை வேண்டாம். வேஷ விளையாட்டுக்குப் பாஷை வேண்டும், படிக்க வேண்டும். அதோடு, விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரவும் வழி வேண்டும். முதல் டிராகன் குவெஸ்டில் அதற்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ஆட்டத்தை நிறுத்தும்போது இருபது எழுத்துள்ள ஒரு மந்திரத்தை அது கொடுக்கும். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் திரும்பச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் பட்ட பாடெல்லாம் வீண். ஜப்பானியக் குழந்தைகள் மந்திரத்தைப் பிழையில்லாமல் எழுதிப் பழகிய காலத்தில் நம் குழந்தைகள் கேஸட்டை ஊதி ஊதிச் சொருகிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஜாதியைப் பற்றி அதன் ரசிகர்கள் சொல்லும் பெருமை ஒன்று உண்டு. "நாவலில் ஆசிரியன் சொன்னதுதான் நடக்கும். இதில் நாம்தான் முடிவு செய்கிறோம்" என்பார்கள். இந்தப் பெருமையை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய கண்ணப்பர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவலிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிகிறது. அந்த இடத்தில் கதையை நிறுத்தி, 'கண்ணைப் பெயர்த்து அப்புவதா, வைத்தியரைத் தேடிப் போவதா' என்று இரண்டு பொத்தான்களை வைத்தால் என்ன ஆகும்? முதலில் ஒன்றை அழுத்திப் பார்ப்போம். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பி வந்து மற்றதையும் அழுத்திப் பார்ப்போம். இரண்டில் எதில் லாபம் அதிகம் என்று கணக்குப் போடுவோம். கண்ணப்பர் காணாமல் போய்விடுவார். மளிகைக் கடைக்காரர் மிஞ்சுவார். திரும்பி வந்து மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு முடிவே அல்ல. இன்றைக்கு அநேக வேஷ விளையாட்டுக்கள் விற்கிற சுதந்திரம் இந்த மளிகைக் கடைச் சுதந்திரந்தான்.

அப்படியானால் இந்தக் கலையின் பலம் எங்கே இருக்கிறது? எனக்கு அதைக் காட்டியது 1992-ல் வெளிவந்த ஐந்தாவது டிராகன் குவெஸ்ட். ஹோரியின் கைவண்ணந்தான். பிற்பாடு இங்கிலீஷிலும் வந்து, இப்போது கைபேசியிலேயே ஆடக் கிடைக்கிறது. முப்பது மணி நேரம் போலப் பிடிக்கும். என் கணக்கில் அது ஒரு மாதத்துக்கு மேல்.

நாம் கட்டுகிற வேஷம் ஒரு சிறுவனுடையது. தகப்பனாரோடு ஊர் ஊராக அலைகிறான். தகப்பனார் மகா பலசாலி. சண்டையில் நாம் ஒரு சின்ன அடி அடிப்பதற்குள் அவர் இரண்டு பேரைச் சாய்த்துவிடுவார். நமக்குக் காயம் பட்டால் தாமே மருந்து போடுவார். அவர் நிழலில் நடப்பது அத்தனை சௌகரியமாக இருக்கிறது. பிறகு ஒரு நாள் எதிரி சிறுவனின் கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு, "நீ கை ஓங்கினால் பிள்ளை போய்விடுவான்" என்கிறான். சண்டை தொடங்குகிறது. தகப்பனார் அடி வாங்கிக்கொண்டே நிற்கிறார். நம் கையில் பொத்தான் இருக்கிறது. ஆனால் கட்டளை இல்லை. அவருடைய உயிர்க்கணக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் பரபரப்பாகப் பொத்தானைத் தட்டியதைப் பார்த்து என் மருமகன் மெதுவாகச் சொன்னான்:

"மாமா, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. சும்மா பாருங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தக் கலையின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. நாவலில் தகப்பன் சாகும்போது நம் கை சும்மாத்தான் இருக்கிறது. அது எப்போதும் சும்மா இருக்கிற கை. அதனால் அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. துக்கம் மனசில் மட்டும் நடக்கிறது. இங்கே பத்து மணி நேரமாக வேலை செய்து பழகிய கை, முதல் தடவையாகச் செயலற்றுப் போகிறது. இயலாமை விரல் நுனியில் தெரிகிறது. எழுத்தில் எங்களால் செய்ய முடியாத காரியம் அது, பொறாமையோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கதை அதோடு நிற்பதில்லை. பையன் பத்து வருஷம் அடிமையாகக் கல் சுமக்கிறான். தப்பி வந்து சொந்த ஊருக்குப் போனால் ஊர் எரிந்து கிடக்கிறது. ஒரு குகையில் தகப்பனார் விட்டுப் போன கடிதமும் ஒரு வாளும் இருக்கின்றன. தீமையை வெல்லப் பிறந்த மகாவீரனுக்கு உரிய வாள் அது. நாம்தானே கதாநாயகன்? எடுத்துக் கட்டிக்கொள்ளப் போகிறோம், முடியவில்லை. அந்த வாள் நமக்கு அடங்குவதில்லை. பிறகு கல்யாணம் ஆகிறது. இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. நம்மைக் கல்லாகச் சபித்துவிடுகிறார்கள். கற்சிலையாக யாரோ ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறோம். கோடை வருகிறது, பனி வருகிறது, அந்த வீட்டுக் குழந்தை நம் கண் முன்னால் தவழ்ந்து நடக்கிறது. எட்டு வருஷம். கடைசியில் நம்மைத் தேடி வந்து மீட்பவை நாம் தொட்டிலில் விட்டுப் போன நம் குழந்தைகள். அந்த வாளைத் தூக்குகிறவன் நம் மகன். நாம் கதாநாயகன் அல்ல, கதாநாயகனுடைய தகப்பன்.

நடுத்தரக் குடும்பத்தில் பிறந்து, பிள்ளையின் காலேஜ் சம்பளத்துக்காகத் தன் ஆசைகளைச் சுருட்டிப் பரண்மேல் போட்ட எந்த மனிதருக்கும் இந்த இடத்தில் விளக்கவுரை வேண்டியதில்லை.

ஆகவே வேஷம் கட்டுவது என்பது முடிவு செய்வதல்ல, சுமப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. இது நமக்குப் புதிதும் அல்ல. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் துரியோதன வேஷம் கட்டுகிறவருக்குத் தாம் விழப்போவது முகத்தில் அரிதாரம் பூசும்போதே தெரியும். பார்க்கிற ஜனங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ராத்திரி முழுவதும் அந்தக் கிரீடத்தைச் சுமக்கிறாரே, அதில் இருக்கிறது கலை.

முடிவு செய்யும் சுதந்திரத்தைக் கௌரவமாகக் கையாண்ட படைப்பே கிடையாது என்று சொல்லமாட்டேன். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சாப்கோவ்ஸ்கியின் கதைகளை ஆதாரமாகக் கொண்டு 2015-ல் வந்த மூன்றாவது 'விட்சர்' ஓர் உதாரணம். அதில் ஒரு மரத்தில் சிறைப்பட்ட ஆவியை விடுவிப்பதா, கொல்வதா என்று கேள்வி வருகிறது. விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஒரு கிராமம் அழிகிறது, ஒரு குடும்பமும் நாசமாகிறது. கொன்றால் குழந்தைகள் போய்விடுகிறார்கள். பலன் உடனே தெரிவதில்லை. வெகு தூரம் போன பிறகு தெரிகிறது. திரும்பிப் போய் மாற்ற மனசு வருவதில்லை. இங்கே முடிவுகூடச் சுமையாகிவிடுகிறது. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பலம் ஏற்றுவதற்காக ஒரே மாதிரி அற்ப அரக்கர்களை நூற்றுக்கணக்கில் அடிக்கவைப்பது இந்த ஜாதியின் பழைய வியாதி. நாவலில் பக்கத்தை வளர்த்துகிற தொடர்கதைக்காரனுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஜப்பானிலிருந்து 2016-ல் வந்த ஐந்தாவது 'பெர்சோனா', ஒரு பள்ளி மாணவனின் வருஷத்தை நாள்காட்டி வைத்து அழகாகச் சொல்கிறது. ஆனால் நூறு மணி நேரம் கேட்கிறது. குடும்பஸ்தனுக்கு அது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும். சில ஆட்டங்களில் குறித்த இடத்தில் மட்டுமே கதையைச் சேமித்து வைக்கலாம். அந்த இடத்துக்கு நாலடி இருக்கும்போது எங்கள் தெருவில் மின்சாரம் போகும். கையில் தூக்கி வைத்துக்கொண்டு, நினைத்தபோது நிறுத்தித் தொடரக்கூடிய 'ஸ்விட்ச்' போன்ற கன்ஸோல்கள் வந்த பிறகுதான் என் போன்றவர்களுக்கு விமோசனம்.

இனி நம் விஷயம். 2023-ல் கனடாவின் டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1988-ல் கனடாவில் குடியேறியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். கண்டிப்பாகப் பார்த்தால் இது நான் சொல்லும் ஜாதியில் சேராது; அரக்கன் இல்லை, வாள் இல்லை. சமையல்தான். தாயாரிடமிருந்து வந்த குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை ஆவி தடைப்படாமல் எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் இடுவது என்று விட்டுப்போன படிகளை நாம் ஊகித்து நிரப்ப வேண்டும். தாய் வேஷத்தில் இதைச் செய்கிறோம். பிறகு வேஷம் மாறுகிறது. மகனாக, அரைகுறைத் தமிழில் அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. சற்று முன்பு நாமே சமைத்த கைக்கு இப்போது எழுத்துப் புரியவில்லை. தூக்க முடியாத வாள் இங்கே தாய்மொழியாக வந்து நிற்கிறது.

இங்கிலாந்தின் பாஃப்டா அமைப்பு 2024-ல் சிறந்த முதல் படைப்புக்கான பரிசை இதற்குக் கொடுத்தது. பரிசு நியாயமானதுதான். ஆனாலும் ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது. துக்கம் பழுப்பதற்குள் பறித்துவிடுகிறார்கள். பாவலனோடு இன்னும் பத்து ராத்திரி சாப்பிட்டிருந்தால் அந்த வீட்டின் கனம் நமக்கு முழுதாகத் தெரிந்திருக்கும்.

அந்தப் பத்து ராத்திரியை எழுத ஆள் வேண்டும். படம் போடவும் யந்திரத்தை இயக்கவும் நம்மிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சோழ ராஜாவுக்குக் கிரீடமும் கத்தியும் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டால் தமிழ் வேஷ விளையாட்டு வந்துவிட்டதென்று அவர்கள் நினைத்துவிடக்கூடும். வேண்டியது கத்தி அல்ல, கனம். ஒரு மனிதனோடு நெடுநாள் நடந்து அவன் பாரத்தைத் தோளில் வாங்குவது எப்படி என்று தெரிந்தவர்கள் நாவல் எழுதுகிறவர்கள். என்னைக் கேள்வி கேட்ட நண்பரும் ஒரு நாவலாசிரியர்தான். அவர் முதலில் ஒரு மணி நேரம் விளையாடிப் பார்க்கட்டும். கன்ஸோலை இரவலாகத் தர நான் தயார்.