ஸ்ரீவிபீஷணாழ்வான் விரும்பியது ராஜ்யமோ?

ஸ்ரீராமாயணத்தைச் சரணாகதி சாஸ்த்ரமாகக் கொண்டாடும் பூர்வாசார்யர்களுக்கு விபீஷண சரணாகதியே அதன் உயிர்நிலை. ஆயினும் அதில் ஓர் ஆக்ஷேபம் உண்டு. தமையன் அரசாண்டிருக்கும்போதே அவனை விட்டு நீங்கி, எதிரியின் சேனையைச் சேர்ந்து, முடிவில் அவனுடைய சிங்காசனத்தில் அமர்ந்தவன் விபீஷணன். அவன் பற்றியது பெருமாள் திருவடிகளையோ, இலங்கை அரசையோ?

மூலமே இதற்கு இடந்தருகிறது. யுத்தகாண்டம் 17ஆம் ஸர்கத்தில் திருவடி, வாலிவதத்தையும் மஹாராஜர் முடிசூடியதையும் கேட்டு, ராஜ்யத்தை விரும்பியே இவன் வந்திருப்பதாக விண்ணப்பிக்கிறார். அடுத்த ஸர்கத்தில் பெருமாளும் அவ்வாறே அருளிச்செய்கிறார். பிள்ளை லோகாசார்யரோ ஸ்ரீவசனபூஷணத்தில், சரணாகதிக்குப் பலநியமம் இல்லையென்று காட்டுமிடத்து, தர்மபுத்ராதிகளுக்கு ராஜ்யத்தையும் ஸ்ரீவிபீஷணாழ்வானுக்கு ராமப்ராப்தியையும் பலமாக வகுக்கிறார். இது மூலத்தோடு முரணாகாதோ எனில், ஆகாது.

ராஜ்யத்தைக் காரணமாகக் காட்டும் வார்த்தைகள் ஐயுற்ற மஹாராஜரைத் தெளிவிக்க எழுந்த நீதிவாதங்கள். தாயாதிகள் அரசுக்காகப் பகைப்பது உலகியல். உடன்பிறந்தார் எல்லாரும் பரதனை ஒவ்வார் என்று பெருமாளே அங்குக் காட்டுகிறார். விபீஷணன் வானில் நின்று விண்ணப்பித்ததிலோ ராஜ்யம் என்னும் சொல்லே இல்லை. மனைவி மக்களைத் துறந்து சரணம் புகுந்தமையே உள்ளது. 19ஆம் ஸர்கத்தில் திருவடிகளில் விழுந்தபின் அச்சொல் அவன் வாயிலும் வருகிறது. ஆனால் தன் ராஜ்யமும் உயிரும் ஸுகமும் பெருமாளிடத்தன என்ற ஸமர்ப்பணமாகவே வருகிறது. இராவணனைக் கொன்று உன்னை அரசனாக்குவேன் என்று பெருமாள் ப்ரதிஜ்ஞை செய்தபோதும், அவன் மறுமொழி போரில் துணைசெய்வேன் என்பதே. அது கைங்கர்யத்தின் வாசகம். இளையபெருமாள் கடல்நீர் கொணர்ந்து செய்த அபிஷேகம் பெருமாள் நியமனத்தால் வந்தது. அவன் இரந்து பெற்றதன்று. ஆகவே ராஜ்யம் ஆநுஷங்கிகம்; ராமப்ராப்தியே ப்ரதானம்.

எனினும், அவனுக்கு ராஜ்யவிருப்பம் சிறிதும் இராதென்று நிறுவ முயல்வது வேண்டாத வேலை. அவ்விருப்பம் இருந்ததென்றே கொண்டாலும் சரணாகதிக்குக் குறைவில்லை. நண்பனாய் வந்தவனிடம் தோஷமிருந்தாலும் கைவிடேன் என்பது பெருமாள் வார்த்தை. வந்தவன் இராவணனே ஆயினும் அபயம் அளித்தேன் என்பது அவர் முடிவு. இராவணனே சரணம் புகுந்திருந்தால் விபீஷணனுக்கு இலங்கை ஏது? ஆகவே அபயத்திற்கு ஹேது ராஜ்யப் போட்டியன்று. சரணமென்று வந்தமை ஒன்றே.

இவ்விரண்டையும் சேரக் கொள்வதே வ்யாக்யானநெறிக்குப் பொருந்தும். ஆழ்வானுடைய ஏற்றம் அவனுடைய அநந்யத்வத்தைக் காட்டும்; அவனைப் பற்றிய ஐயமோ பெருமாளுடைய வாத்ஸல்யத்தைக் காட்டும். ஐயத்தை மூலத்தினின்று துடைத்தெறிந்தால், ஐச்வர்யத்தை வேண்டிச் சந்நிதியில் நிற்கும் எளிய அடியவனுக்கு அந்தக் கடற்கரையில் இடமில்லாமற் போகும்.