தொடையடியும் போர்நெறியும்

போட்டி என்பது இருவர் தம் ஆற்றலை ஒரே நெறிக்குட்பட்டு அளந்து காணும் முயற்சியாகும். அங்ஙனம் அளக்குங்கால் ஒருவன் கைக்கொள்ளும் உத்தி எதிர்நிற்க இயலாத அளவு வலியதாயின், அதனை விலக்குதல் முறையா, அன்றி எதிர்ப்பவனே மாற்றுக் காணல் வேண்டுமா என்பது பழையதொரு வினா. இன்று இவ்வினா மின்திரைப் போர் விளையாட்டுகளைப் பற்றி மிகுதியும் எழுப்பப்படுகின்றது. 2022ஆம் ஆண்டிற்குரியனவாய் 2023இல் சீனநாட்டு ஹாங்சோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுகளில் 'ஸ்ட்ரீட் பைட்டர் 5' பதக்கத்திற்குரிய போட்டியாக இடம்பெற்றது. இந்திய ஆட்டக்காரரும் அதிற் பங்கு கொண்டனர். ஆகலின் இதனைச் சிறார் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் பொருந்தாது. தமிழிலக்கியமும் தமிழ்க்கூத்தும் இவ்வினாவை நெடுங்காலமாக உள்ளத்திற் கொண்டுள்ளன. அவை காட்டும் விடை யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

படுகளக் காட்சி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் உலகறிந்தவை. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதியில், 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தின்பாற்பட்டன. வட ஆர்க்காட்டு ஊர்கள் பலவற்றில் திரௌபதியம்மன் விழா நிகழ்கிறது. பகலிற் பாரதம் படித்துப் பொருள் விரிப்பர். இரவிற் கூத்து நிகழும். விழாவின் முடிவில், துரியோதனன் உருவத்தைப் பன்மடங்கு பெரிதாக மண்ணாற் சமைத்து நிலத்திற் கிடத்துவர். வீமன் வேடம் பூண்டவர் அவ்வுருவின் தொடையில் அடிப்பார். திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். இதுவே படுகளம். பல ஊர்களில் அவ்வடியை அடுத்து ஒப்பாரி எழும். வெற்றியும் அழுகையும் ஒரே களத்தில் அருகருகே வைக்கப்படுதல் நோக்கத்தக்கது. வென்றவன் பக்கமே தெய்வம் நின்றதாயினும், அவ்வெற்றியிற் குறையொன்று உண்டு என்பதைக் கூத்து மறைக்கவில்லை.

வலிமை வேறு, வழு வேறு

அக்குறை யாது என்பதைத் தெளிதற்குமுன், வலிமையையும் வழுவையும் வேறுபிரித்தல் வேண்டும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றிற் பாடியுள்ளார். (இவ்வாமூர் முக்காவல் நாட்டது; பாலாற்றங்கரை ஆம்பூர் அன்று.) 80ஆம் பாட்டில், கிள்ளியின் ஒருகால் மல்லன் மார்பிற் பதிகின்றது, மற்றொருகால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகிற் சேர்கின்றது. எதிரி திமிரவும் இடமின்றிச் செய்யும் பிடி அது. புலவர் அதனைப் பழிக்கவில்லை. தந்தையாகிய தித்தன் இதனைக் காணவேண்டும் என்றே விழைகின்றார்.

82ஆம் பாட்டின் உவமை இவ்வட்டாரத்தார்க்கு மிக நெருங்கியது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது. இல்லத்தில் மனைவி மகப்பேற்று நோயில் இருக்கின்றாள். மழை பெய்யும் மாலையில் ஞாயிறும் மறைகின்றது. இந்நிலையிற் கட்டிலை வாரால் பிணிக்கும் தொழிலாளியின் கையூசி எத்துணை விரைந்து செல்லும்? அவ்விரைவைக் கிள்ளியின் போர் விரைவுக்கு ஒப்பிடுகின்றார் புலவர். தோலையும் ஊசியையும் கையாளும் ஊரார்க்கு இவ்வுவமையின் நுட்பத்தை விரித்துரைத்தல் வேண்டா. எதிரிக்கு மூச்சுவிடவும் பொழுது தாராத விரைவு இங்கே புகழாயிற்று. ஓர் உத்தி மிக வலியது, அதனை வெல்லுதல் அரிது என்பது மட்டும் அதனை விலக்கற்குக் காரணமாகாது என்பது இதனாற் பெறப்படும்.

அன்றியும், கிள்ளியின் அடைமொழி நோக்கத்தக்கது. 'போரவை' என்பது போரும் அவையும் இணைந்த சொல். மற்போர் இருவர்க்கிடையே நிகழினும், அதற்கு ஓர் அவை வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லமைப்பிற் பொதிந்துள்ளது.

தொடையடியின் நிலை

இனித் தொடையடிக்கு வருவோம். வடமொழிப் பாரதத்துச் சல்லிய பருவத்தில், தண்டுப்போரில் உந்திக்குக் கீழ் அடித்தல் ஆகாது என்பது இருவரும் அறிந்த நெறி. வீமன் உடல்வலி மிக்கவன். துரியோதனனோ வீமனைப் போன்ற இரும்புருவம் செய்து பதின்மூன்று ஆண்டுகள் பயின்று திறன் மிக்கவன். நெறிவழி நின்று பொருதால் வீமன் வெல்லுதல் அரிது எனக் கண்ணன் உணர்கின்றான். குறிப்புக் காட்டப்படுகிறது, தொடை முறிகிறது. இருவர்க்கும் ஆசிரியனாகிய பலராமன் வெகுண்டு கலப்பையை ஓங்குகின்றான், கண்ணன் தடுக்கின்றான், உளம் நிறையாமலே பலராமன் துவாரகை செல்கின்றான்.

இங்கு மிகைவலி உத்தி எது? துரியோதனனது பயிற்சியே. அதனை விலக்க எந்நெறியும் இல்லை, விலக்குதலும் முறையன்று. தொடையடியோ மிகைவலி உத்தி அன்று; முன்னரே விலக்கப்பட்ட உத்தி. வலியதைப் பழித்து விலக்கப்பட்டதைப் புகழும் தலைகீழ் நிலை இங்கு ஏற்பட்டுள்ளது.

வீமன் சூதவையில் அனைவரும் கேட்கத் தொடை முறிப்பேன் என வஞ்சினம் கூறினான். ஆகலின் அவ்வடி முன்னறிவிக்கப்பட்டதே என ஒருவர் தடை எழுப்பலாம். அற்றன்று. வஞ்சினம் ஒருவன் கூற்று; நெறி இருவர் உடன்பாடு. ஒருவன் தான் நெறியை மீறுவேன் என முன்கூட்டியே அறிவித்தமையால் மீறல் நெறியாகிவிடாது.

அவை செய்யாததை வஞ்சம் செய்தது

தமிழ்ப் பாரத மரபு இதற்கும் அப்பால் ஒரு செய்தியைக் காட்டுகின்றது. கன்னன் உடலோடு பிறந்த கவசகுண்டலம் எப்படைக்கும் ஊறுபடாதது. போரிற் சமன்மையைக் கெடுக்கும் பொருள் ஒன்று உண்டெனின் அஃது இதுவே. அதனை இருதிறத்தாரும் கூடி, 'இஃது இப்போருக்கு ஆகாது' என முடிவு செய்யவில்லை. இந்திரன் அந்தணனாய் வந்து இரந்து கொண்டான்.

நாகக்கணை பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. வில்லிபுத்தூரார் பாரதத்தில், குந்தி கன்னனிடம் நாகக்கணையை ஒருமுறைக்குமேல் ஏவாதிருக்க வரம் பெறுகின்றாள். ஓர் உத்தியை இத்துணை முறையே கையாளலாம் என வரையறுத்தல் எக்காலத்துப் போட்டிக்கும் ஏற்ற விதியே. ஆயின் அவ்விதி அவையிற் பிறக்கவில்லை. தாயின் கண்ணீரிற் பிறந்தது. ஒருவனை மட்டும் கட்டிற்று. அவன் நண்பனுக்குத் தெரியாமலே கட்டிற்று. கூத்தில் கன்ன மோட்சம் காண்போர் கன்னனுக்காக வருந்துதலின் காரணம் இதுவே. அவன் தோற்றமை மட்டும் அன்று. பிறர் எவர்க்கும் இல்லாத விதி அவனுக்கு மட்டும் இருந்தமையே அவ்வருத்தத்தின் வேர்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். மிகைவலியை எடைபோட்டு விலக்கும் பொது அவை இல்லாத இடத்தில், அவ்வேலையை வஞ்சம் மேற்கொள்கின்றது.

மூலத் தவறு சூதவையில் உள்ளது. துரியோதனன் பணயம் வைக்க, அவனுக்காகச் சகுனி காய் உருட்டினான். ஒருவனுக்காகப் பிறனொருவன் ஆடுதல் முறையன்று எனத் தருமனே கூறினான், கூறியபின்னும் ஆடினான். அவையில் முதியோர் இருந்தனர், அரசன் இருந்தான். அன்று அவ்வாட்டத்தை நிறுத்தியிருப்பின் துகிலுரிதலும் இல்லை, வஞ்சினமும் இல்லை, தொடையடியும் இல்லை. அன்று விதிக்கப்படாத தடையின் விலையே படுகளம். சூது துகில் கூத்தையும் படுகளத்தையும் ஒரே விழாவில் வைத்த மரபு, காரணத்தையும் விளைவையும் ஊரார் ஒருங்கு காணச் செய்தது எனலாம்.

இன்றைய ஆட்டங்கள்

இத்தெளிவோடு மின்திரை விளையாட்டுகளை நோக்குவோம். 'டெக்கன் 7' என்னும் ஆட்டத்தில் 2019 திசம்பரில் லிராய் என்னும் வீரன் புதிதாகச் சேர்க்கப்பட்டான். 2020 சனவரியில் சப்பானில் நிகழ்ந்த ஈவோ போட்டியின் இறுதி எண்மருள் அறுவர் அவனையே ஆடினர். போட்டி நடுவே எவரும் தடை விதிக்கவில்லை. பின்னர் ஆட்டத்தைப் படைத்தோரே அவன் வலிமையைக் குறைத்தனர். இது நேரிய முறை. நடந்த போட்டியின் வெற்றி வெற்றியாகவே நின்றது. திருத்தம் அனைவர்க்கும் ஒருங்கு வந்தது.

2008இல் வெளிவந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்' ஆட்டத்தின் நிலை வேறு. மெட்டா நைட் என்னும் பாத்திரத்தை விலக்குவதா என ஆட்டக்காரர் ஆண்டுக்கணக்கிற் சொற்போரிட்டனர். அமெரிக்கப் போட்டி நடத்துவோர் குழுவொன்று 2011இல் விலக்க முடிவு செய்தது. பெரும்போட்டிகள் எல்லாம் அதனை ஏற்கவில்லை. வலியுறுத்த இயலாத தடை, நெறியுள் நிற்பார்க்கு மட்டும் சுமையாகும் என்பதற்கு இது சான்று.

தடையை எதிர்ப்போர் கூறும் காரணம் வலிமையுடையது. வலியதை எல்லாம் விலக்கின் மாற்றுக் காணும் அறிவு வளராது. தோற்றவன் குரலே விதியாகிவிடும் என்பர். கிள்ளியின் மற்போரைப் புகழ்ந்த மரபு இக்கூற்றின் பக்கமே நிற்கும். ஆயினும் மாற்று ஒன்றும் இல்லாத உத்தி, போட்டியாளர் அனைவரையும் ஒரே கருவியை ஏந்தச் செய்துவிடும். அப்பொழுது திறன்கள் பலவாக மோதுதல் ஒழிந்து, போட்டி தன் பொருளை இழக்கும். அந்நிலையில் தடை மெலியோர்க்குச் செய்யும் சலுகை அன்று. போட்டியையே காக்கும் கடமை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஓர் உத்தி வலியது என்பதனானே விலக்கற்குரியது ஆகாது. பலரும் முயன்றபின்னும் மாற்றுக் காணப்படாமை வெளிப்படின் அது விலக்கற்குரியது. அத்தடை போருக்கு முன்னர், இருதிறத்தாரும் அறிய, இன்னது என எல்லை வகுத்து, அனைவர்க்கும் ஒப்ப விதிக்கப்படல் வேண்டும். அதனைக் காக்கும் நடுவர்க்கு ஆற்றலும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், கவசத்தை இரந்து பெறுவோரும் தொடையிற் குறிப்புக் காட்டுவோரும் தோன்றுவர். பலராமன் நெறி அறிந்தவன். ஆயின் போர் முடிந்தபின் வெகுண்டான். நடுவன் சினம் அடிக்குப் பின் எழுதலினும் அவன் விதி அடிக்கு முன் நிற்றலே போட்டிக்கு அரணாகும்.