பேச்சுவார்த்தைக் கலையும் ஆழ்கடற் படுக்கையும் – ஒரு விமர்சன நோக்கு

கடல், வளிமண்டலம், காடு முதலியன பற்றிய சர்வதேச உடன்பாடுகள் பெருகியதையடுத்து, அவற்றை உருவாக்கும் பேச்சுவார்த்தைத் திறனைக் கற்பிக்கத்தக்க ஒரு கலையாக நோக்கும் போக்கும் வளர்ந்துள்ளது. முன்னர் இராஜதந்திரிகள் அனுபவத்தாற் பெற்ற இத்திறன் இன்று பல்கலைக்கழகங்களிற் பாடமாகவும், மாணவர் பல்வேறு நாடுகளின் பிரதிநிதிகளாகப் பாத்திரமேற்று வாதிடும் பயிற்சியாகவும் அமைந்துள்ளது. இத்தகைய பயிற்சிகளில் பெரிதும் எடுத்தாளப்படும் நூல், ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த றொஜர் பிஷர், வில்லியம் யூரி ஆகியோர் 1981 இல் வெளியிட்ட 'கெற்றிங் ரு யெஸ்' என்பதாகும். குடும்பப் பிணக்கு முதல் நாடுகளிடையிலான பிணக்கு வரை ஒரே முறை பொருந்தும் என்பது அந்நூலின் துணிபு. அத்துணிபு எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பதை, நூலாசிரியர்களே எடுத்துக்காட்டும் ஆழ்கடற் சுரங்க விவகாரத்தைக் கொண்டு நோக்குவது பொருத்தமாகும்.

நூலின் சிறப்பை முதலிற் கூறிவிடல் வேண்டும். ஒருவர் வெளிப்படையாகக் கூறும் நிலைப்பாடு வேறு, அதன் பின்னால் நிற்கும் நலன் வேறு என்பதை அது தெளிவுற விளக்குகிறது. பிடிவாதம், விட்டுக்கொடுப்பு என்னும் இரண்டையும் விடுத்து, இருசாராரின் விருப்பத்துக்கும் புறம்பான பொது அளவுகோல் ஒன்றை நாடுமாறு வற்புறுத்துகிறது. கலைச்சொற் காட்டில் வாசகனை அலையவிடும் நூல்கள் மலிந்த துறையில், இவற்றை எளிய நடையிற் கூறியமை சிறிய காரியமன்று.

பொது அளவுகோலுக்கு நூல் தரும் சான்றுகளுள் ஒன்று, 1973 முதல் 1982 வரை நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டிலிருந்து பெறப்பட்டது. எந்நாட்டுக்கும் உரியதல்லாத ஆழ்கடற் படுக்கையை மனிதகுலத்தின் பொது மரபுரிமையாகக் கொள்ளவேண்டுமென மோல்டா நாட்டுத் தூதுவர் ஆவிட் பார்டோ 1967 இல் எடுத்துரைத்தார். அங்கு கிடக்கும் உலோகக் கணுக்களை அகழ முனையும் கம்பெனிகள் என்ன கட்டணம் செலுத்தவேண்டும் என்பது மாநாட்டில் எழுந்த பிணக்குகளுள் ஒன்று. மூன்றாம் உலக நாடுகளின் சார்பில் இந்தியா ஒவ்வொரு சுரங்கத் தலத்துக்கும் 6 கோடி டொலர் ஆரம்பக் கட்டணம் கோரியது. அமெரிக்காவோ கட்டணமே கூடாது என்றது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் ஆக்கிய பொருளாதாரக் கணிப்பு மாதிரி ஒன்று அப்போது கைக்கு எட்டியது. அத்துணைப் பெருந்தொகையை முன்கூட்டியே செலுத்தினால் எக்கம்பெனியும் தொழில் நடத்தவியலாது என்பதை அது இந்தியாவுக்குக் காட்டியது. ஓரளவு கட்டணத்தைத் தாங்கவியலும் என்பதை அமெரிக்காவுக்குக் காட்டியது. இருசாராரும் தத்தம் நிலையினின்று இறங்கினர். கதை இவ்வளவில் முடிகிறது.

கதை நன்று. ஆயின் அந்த மாதிரியை யாரோ ஒருவர் தற்செயலாகக் கண்டெடுத்தது போன்று நூல் கூறுகின்றது. நிதி ஏற்பாடுகள் பற்றிய பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சிங்கப்பூர்ப் பிரதிநிதி ரொமி கோ, குழுவின் பணியில் அதற்கு இடமளித்தார். குவேக்கர், மெதடிஸ்த சபைகளைச் சார்ந்த ஆர்வலர் ஒழுங்குசெய்த கருத்தரங்கில், மாதிரியை ஆக்கியோரையே பிரதிநிதிகள் நேரிற் கேள்வி கேட்கவும் வாய்ப்புக் கிட்டியது. வல்லரசொன்றின் நிறுவகத்தில் ஆக்கப்பட்ட கணக்கை வறிய நாடுகள் நம்பியமைக்கு அதன் எண்கள் மட்டும் காரணமல்ல என்பது இதனாற் பெறப்படும். நம்பிக்கையைத் தேடும் இந்தப் பொறுமையான உழைப்பே பயிலுவோன் கற்கவேண்டிய திறன்; நூலில் அது மறைந்துவிடுகிறது.

மறைந்த மற்றொரு பகுதி இதனினும் பாரதூரமானது. றீகன் அரசாங்கம் 1981 இல் பதவியேற்றதும் அதுவரை இணங்கியவற்றை மீளாய்வு செய்யப் புறப்பட்டது. 1982 ஏப்ரல் 30 ஆந் திகதி சமவாயம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 130 நாடுகள் ஆதரவாகவும், அமெரிக்கா உட்பட 4 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. 17 நாடுகள் வாக்களிப்பினின்று விலகி நின்றன. சமவாயத்தில் விதிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணமான 10 இலட்சம் டொலரும், 1994 இல் ஆழ்கடற் படுக்கை விதிகளை மாற்றியமைத்த உடன்படிக்கையால் கைவிடப்பட்டது. 1981 இல் வெளிவந்த நூல் இவற்றை முன்னறிந்திருக்க இயலாதுதான். ஆயினும் 1991 இல் வந்த இரண்டாம் பதிப்பிலும், 1982 இல் நிகழ்ந்தது கூட இடம்பெறாது, அதே கதை அதே மகிழ்வான முடிவுடன் நிற்பதை எங்ஙனம் விளங்கிக்கொள்வது?

நூலாசிரியர்களின் சொந்தக் கோட்பாடே இதற்கு விடை தருகிறது என்பது சுவையான முரண்பாடு. உடன்பாடு எட்டாவிடின் தனக்குள்ள சிறந்த மாற்றுவழி யாது என்பதே ஒருவனது வலிமையை நிர்ணயிக்கும் என்று பிறிதோர் அத்தியாயத்தில் அவர்கள் கூறுகின்றனர். அமெரிக்கா ஆழ்கடற் சுரங்கம் பற்றிய தன் சொந்தச் சட்டத்தை 1980 இலேயே நிறைவேற்றியிருந்தது. மாநாடு முறிந்தாலும் அதற்கு ஒரு வழி இருந்தது. மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்த மிகப்பல நாடுகளுக்கு அவ்வழி இருக்கவில்லை. அந்த அத்தியாயத்தை இந்தக் கதையோடு பொருத்தியிருப்பின், கணிப்பு மாதிரி எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பது புலனாகியிருக்கும். பாத்திரமேற்றுப் பயிலும் வகுப்பில் இணக்கம் கண்டதும் மணி அடிக்கிறது. நாடுகளின் விவகாரத்தில் அதன் பின்னரே பாராளுமன்றங்களும் தேர்தல்களும் தொடங்குகின்றன.

பொது அளவுகோல் என்னும் கருத்தையும் சற்று ஐயத்துடன் அணுகுதல் வேண்டும். நூல் கூறும் கதையில் எழும் வினா, கம்பெனி எவ்வளவைத் தாங்கும் என்பதே. கடலடி எவ்வளவைத் தாங்கும் என்பது வினாவாகவே எழவில்லை. எதை அளப்பது என்பதைத் தீர்மானித்தபின் வரும் அளவுகோல் முழுவதும் நடுநிலையானதாக இருத்தல் அரிது.

அதே மாநாட்டில் இலங்கை நடந்துகொண்ட முறை இவ்விடத்திற் கருதத்தக்கது. மாநாட்டின் தலைவராக விளங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க. 1980 டிசம்பரில் அவர் மறைந்தபின்னரே ரொமி கோ அப்பதவியை ஏற்றார். கண்டத்தின் விளிம்பு கடலடியில் எங்கு முடிகிறது என்பதைத் துணிவதற்கு மாநாடு ஏற்ற சூத்திரங்களுள் ஒன்று, அடையற் பாறையின் தடிப்பை அடிப்படையாகக் கொண்டது: கண்டச் சரிவின் அடிவாரத்திலிருந்துள்ள தூரத்தின் நூற்றில் ஒரு பங்குக்கேனும் அடையல் தடித்திருத்தல் வேண்டும். அறிவியல் சார்ந்தது, யாவர்க்கும் பொதுவானது. ஆயின் வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்து குவித்த அடையல் அளவிறந்தது. அங்கு அச்சூத்திரத்தை வழங்கினால் விளிம்பின் அரைவாசிக்கு மேற்பட்ட பகுதி இலங்கைக்கு இல்லாது போகும். இலங்கைப் பிரதிநிதிகள் அளவுகோலைப் புறக்கணிக்கவில்லை. பரிவு காட்டுமாறு இரக்கவுமில்லை. அந்த அளவுகோலே இவ்விடத்தில் நீதியீனம் விளைவிக்கும் என்பதைப் புவிச்சரிதவியல் கொண்டே நிறுவினர். அடையலின் தடிப்பு 1 கிலோமீற்றருக்குக் குறையாதுள்ள எல்லை வரை உரிமை கோரலாம் என்னும் விசேட விளக்கக்கூற்று 1980 ஓகஸ்ட் 29 ஆந் திகதி ஏற்கப்பட்டது. அயல்நாடும் அதே முறையைக் கையாளலாம் எனச் சேர்க்கப்பட்டமை எதிர்ப்பைத் தணித்திருத்தல் கூடும். அதன் அடிப்படையிலேயே இலங்கை 2009 மே 8 ஆந் திகதி தன் கோரிக்கையை ஐக்கிய நாடுகளின் கண்டமேடை எல்லைகள் ஆணைக்குழுவிடம் சமர்ப்பித்தது.

ஆழ்கடற் கட்டணக் கதையைப் போல் இதில் விறுவிறுப்பில்லை; ஒரே நாளில் மனம் மாறிய பிரதிநிதி எவருமில்லை. மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இரண்டாம் இணைப்பாக, ஒரு சில பந்திகளில் அது அடங்கிக் கிடக்கிறது. பொது அளவுகோல் பற்றிய அத்தியாயத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவனிடம் அந்த இணைப்பையும் கொடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்வதற்கு ஒரு பிற்பகல் போதுமானது.