இயற்கை வேளாண் பட்டறைகளுக்கு வரும் பணம்: கிளியனூரிலிருந்து ஒரு கணக்கு

'பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா' என்று முழுப் பெயரையும் தடுமாறாமல் சொல்லும் விவசாயியை கிளியனூர் பக்கம் நான் இன்னும் பார்க்கவில்லை. "இயற்கை விவசாயத்துக்கு குழு சேர்த்தாங்களே, அதுவா சார்?" என்று கேட்பார்கள். அதேதான். 2015-16ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். இந்தப் பதிவு அதன் ஒரு பகுதியைப் பற்றி மட்டும்: பயிற்சிக்கும் பட்டறைக்கும் ஒதுக்கும் பணம்.

முதலில் எண்கள். இப்போதைய விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளுக்கு 31,500 ரூபாய். இதில் 15,000 இடுபொருளுக்காக விவசாயியின் வங்கிக் கணக்குக்கே போகும். பயிற்சி, திறன் வளர்ப்புக்கு 9,000. சந்தை, பேக்கிங், பிராண்டிங்குக்கு 4,500. சான்றிதழுக்கும் எச்சப் பரிசோதனைக்கும் 3,000.

50 ஏக்கர், அதாவது 20 ஹெக்டேர், 50 விவசாயிகள் கொண்ட ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். பயிற்சிப் பணம் மொத்தம் 1,80,000. வருஷத்துக்கு 60,000. ஆளுக்கு 1,200 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் உருப்படியாக எதுவும் செய்ய முடியாத தொகையும் இல்லை.

பயிற்சி என்பது இந்தத் திட்டத்தில் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கும் சமாச்சாரம் கிடையாது. காரணம், சான்றிதழ் முறை. பெரும்பாலான குழுக்கள் வருவது பிஜிஎஸ் என்ற பங்கேற்பு உத்தரவாத முறைக்குள். இதில் வெளியிலிருந்து ஆய்வாளர் வந்து முத்திரை குத்துவதில்லை. குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்து ஒரு உள்ளூர்க் குழு அமைத்து, ஒருத்தர் நிலத்தை இன்னொருத்தர் போய்ப் பார்த்து மதிப்பிட வேண்டும். அதாவது பயிற்சிக்கு வருபவர்தான் நாளைக்கு ஆய்வாளர். அவருக்குப் புரியவில்லை என்றால், நகரத்தில் அந்த முத்திரையை நம்பி கூடுதல் விலை கொடுப்பவருக்கு கையில் கிடைப்பது வெறும் ஸ்டிக்கர்.

இப்போது பட்டறைக்கு வருவோம். நான் போய் உட்கார்ந்த பட்டறைகள் ஏறக்குறைய ஒரே அச்சு. கல்யாண மண்டபம், பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை. 11 மணிக்கு மேல் பவர்பாயிண்ட். பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம் செய்முறை. மதியம் சாப்பாடு, கையெழுத்து, குரூப் போட்டோ. பல பட்டறைகள் நிதியாண்டு முடியும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வந்து குவியும். பணத்தைச் செலவு பண்ணி யூசி கொடுத்தாகணுமே!

அந்தப் பயன்பாட்டுச் சான்றிதழில் என்ன கேட்கிறார்களோ அதுதான் நடக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவு, போட்டோ எங்கே. சாஃப்ட்வேர் வேலையில் இது எங்களுக்குப் பழகிய வியாதி. டெஸ்ட் எத்தனை எழுதினாய் என்று கேட்டால் நூறு டெஸ்ட் வரும். பக் குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை என்றால் பக் அப்படியே இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் பக்கம் மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை போடுகிறவர்களுக்குப் பெரிய எதிரி சிவப்புக் கம்பளிப் புழு. கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் கிடந்து, நல்ல மழை பெய்த சில நாட்களில் அந்துப்பூச்சியாக ஒரே சமயத்தில் வெளியே வரும். மருந்தில்லாமல் சமாளிக்க வழி உண்டு: கோடை உழவு, விளக்குப் பொறி, ராத்திரி சொக்கப்பானை மாதிரி தீ மூட்டுவது, ஓரத்தில் ஆமணக்கும் தட்டைப்பயறும் போட்டு முட்டைக் குவியலைப் பொறுக்குவது. இதில் எதையும் தனி ஆளாகச் செய்து பயனில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரும் அதே வாரத்தில் செய்யணும். மார்ச் மாதம் மண்டபத்தில் ஸ்லைடு பார்த்தவருக்கு அந்த மழை வாரத்தில் யார் போன் பண்ணி ஞாபகப்படுத்துவார்கள்? மழை மார்ச் 31க்குள் பெய்து முடிப்பதில்லை.

வேறு மாதிரி செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1989ல் இந்தோனேசியாவில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய உழவர் வயல் பள்ளியில் ஒரு பருவம் முழுக்க வாராவாரம் வயலில்தான் வகுப்பு. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு. பூச்சியை எண்ணி, படம் வரைந்து, மருந்து தேவையா என்று அவர்களே முடிவெடுப்பார்கள். அமெரிக்காவில் சேர் என்ற திட்டம் 1988ல் தொடங்கியது. அதன் வட மத்தியப் பகுதி 1992 முதல் விவசாயிக்கே நேரடியாக ஆய்வு நிதி கொடுக்கிறது. என்ன கேள்வி, எப்படி அளப்பாய், மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வாய் என்று எழுதிக் கொடுக்கணும். முடிவு அறிக்கைகள் பொதுவில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அவ்வளவு தூரம் போகாமலேயே ஒன்று உண்டு. 2018ல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழா. பாரம்பரிய விதை 2 கிலோ வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும். அதைவிட நல்ல யூசி எனக்குத் தெரியாது. 4 கிலோ வந்தால் விதைத்தார், விளைந்தது என்று அர்த்தம். வரவில்லை என்றால் ஏன் என்று போய்க் கேட்கலாம்.

அதிகாரிகள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு உதவி வேளாண்மை அலுவலர் பல ஊர்களைப் பார்க்கிறார். வாராவாரம் ஒரே வயலுக்குப் போ என்றால் திட்டுவார். தணிக்கைக்குக் கையெழுத்தும் பில்லும் வேண்டும் என்பதும் சரிதான். இல்லாவிட்டால் பட்டறையே நடக்காமல் பணம் போய்விடும். 'விவசாயிக்கு ஆராய்ச்சி தெரியுமா' என்பதை மட்டும் ஏற்க முடியாது. ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம் உள்ளூர் மண்ணில் நிற்குமா என்று கடைசியில் பார்ப்பது விவசாயிதான். டிஎம்வி என்ற மல்லாட்டை ரகங்களின் பெயரே திண்டிவனத்திலிருந்து வந்தது. அந்த ஆராய்ச்சி நிலையம் கிளியனூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

என் மாற்றுக் கணக்கு இது. அதே 60,000 ரூபாய். ஒரு பட்டத்துக்கு 12 சந்திப்பு, குழுவிலேயே ஒருவர் வயலில். டீ, வண்டி, நடத்துபவருக்குச் சிறு ஊதியம் என்று 2,500 வீதம் 30,000. நடத்துபவர் அதிகாரியாக இருக்கணும் என்றில்லை, அனுபவமுள்ள விவசாயி போதும். மீதி 30,000ஐ பத்துப் பத்து பேராகப் பிரித்த 5 குழுக்களுக்கு 6,000 வீதம் கொடுக்கலாம். ஆளுக்கொரு கேள்வி: ஜீவாமிர்தம் விட்ட பாத்தி, விடாத பாத்தி, இரண்டையும் எடை போடு. முடிவை ஒரு பக்கம் தமிழில் எழுதி பஞ்சாயத்து போர்டில் ஒட்டு. பலன் இல்லை என்றாலும் ஒட்டு. யூசியில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக: அறுவடைக்குப் பின் எத்தனை பேர் எதைத் தொடர்கிறார்கள்?

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2024 நவம்பரில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2,481 கோடி ரூபாய், 15,000 குழுக்கள், 1 கோடி விவசாயிகள், ஊர் ஊராகப் போக 30,000 கிருஷி சகிகள். ஊரிலேயே இருக்கும் பெண்களைப் பயிற்சி கொடுத்து அனுப்புவது நல்ல யோசனை, மேலே சொன்ன ஆள் பற்றாக்குறைக்கும் அதில் பதில் இருக்கிறது. ஆனால் அவர்களிடமும் மாசக் கடைசியில் கேட்கப்போவது தலை எண்ணிக்கைதான் என்றால், இன்னும் நிறைய குரூப் போட்டோ கிடைக்கும்.

உங்கள் ஊரில் ஏதாவது குழு இருந்தால், போன வருஷம் பட்டறைக்குப் போனவர்கள் இந்த வருஷம் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். ஊர், பயிர், எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்ற மூன்று விவரம் போதும். தொகுத்து இங்கேயே போடுகிறேன்.