சம்பா பதிவுக்கு என்ஜின்எக்ஸும் வைல்ட்ஃபிளையும்: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

பொங்கல் கழிந்ததும் தஞ்சை மாவட்டத்தில் சம்பா அறுவடை மும்முரமாகிவிடும். கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோகும் முன் இணையத்தில் பதிய வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும், வானம் கறுக்கிறது. அந்த நேரத்தில் கைபேசியில் பதிவுப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு விவசாயிக்கு அது வெறும் தொழில்நுட்பக் கோளாறு இல்லை.

உறுப்பினர்களிடம் நெல் வாங்குவதற்கு வரிசை எண் தரும் செயலி ஒன்றை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்காக அமைத்து ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. முன்னால் என்ஜின்எக்ஸ் வலைச் சேவையகம், பின்னால் வைல்ட்ஃபிளை செயலிச் சேவையகம். இரண்டும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். என்ஜின்எக்ஸை ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்டார். வைல்ட்ஃபிளையைப் பழைய ஆட்கள் ஜேபாஸ் என்றுதான் சொல்வார்கள். 2013-ல் பெயர் மாறியது. பதிவு, நில விவரச் சரிபார்ப்பு, வரிசை எண் வழங்கல் என்று ஒவ்வொரு வேலையையும் தனித்தனி ஜாவா கூறாக எழுதி இதற்குள் வைத்துவிடலாம். பரிவர்த்தனை, தரவுத்தள இணைப்பு, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு ஈடுகொடுப்பது போன்ற கவலைகளைச் சேவையகமே பார்த்துக்கொள்ளும்.

வைல்ட்ஃபிளை தானே வலைப்பக்கம் தருமே, முன்னால் இன்னொன்று எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் கல்லணையில் இருக்கிறது. வருகிற நீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று மதகுகளால் பிரித்துவிடுகிற இடம் அது. எந்த வாய்க்காலும் தன் கொள்ளளவுக்கு மேல் சுமக்க வேண்டியதில்லை. என்ஜின்எக்ஸின் வேலையும் அதுதான். படம், எழுத்துரு, அறிவிப்புப் பக்கம் ஆகியவற்றைத் தானே கொடுத்து அனுப்பிவிடுகிறது. பதிவு சம்பந்தப்பட்டது மட்டும் உள்ளே போகிறது.

இதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. ஒரத்தநாட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் ஒருவர் அடங்கல் படத்தை ஏற்றுகிறார். அது மெல்ல மெல்லத்தான் வந்து சேரும். என்ஜின்எக்ஸ், யாரும் சொல்லாமலே, படம் முழுவதும் வரும்வரை தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒரே மூச்சில் வைல்ட்ஃபிளையிடம் கொடுக்கிறது. அதுவரை உள்ளே எந்தக் கூறும் காத்துக் கிடப்பதில்லை. நகரத்து வேகத்தில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இந்த அருமை தெரியாது. டெல்டா கிராமங்களுக்காக ஏதாவது கட்டுகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவே இந்த அமைப்பை எடுக்கலாம்.

ஆனால் அதே படத்தில்தான் முதல் முட்டுக்கட்டையும். என்ஜின்எக்ஸ் ஏற்கும் கோப்பின் அளவு, நாம் மாற்றாதவரை, 1 எம்பி. இன்றைய கைபேசியில் எடுக்கும் படம் சாதாரணமாக அதைத் தாண்டிவிடுகிறது. உடனே 413 என்ற எண்ணோடு ஆங்கிலத்தில் ஒரு வெற்றுப் பக்கம் வந்து நிற்கிறது. வைல்ட்ஃபிளையோ 10 எம்பி வரை வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தாக வேண்டும். அதோடு 413, 502, 504 ஆகிய பிழை எண்கள் மூன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் சொல்லும் பக்கங்களை என்ஜின்எக்ஸிலேயே வைத்துவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்று திரும்பும்போது என்ஜின்எக்ஸ் சட்டென்று எழுந்துவிடுகிறது, வைல்ட்ஃபிளை நிதானமாகத்தான் எழுகிறது. அந்த இடைவெளியில் 502 வரத்தான் செய்யும். ‘சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுங்கள், உங்கள் வரிசை எண் பத்திரமாக இருக்கிறது’ என்று தமிழில் ஒரு வரி இருந்தால் போதும்.

புல எண் விவகாரம் சுவாரசியமானது. 45/2பி என்று உட்பிரிவோடு எழுதுவது நம் வருவாய்த்துறை வழக்கம். அந்தச் சாய்கோடு குறியாக்கப்பட்டு முகவரிக்குள் வந்தால் அப்பாச்சி வலைச் சேவையகம், இயல்பான அமைப்பில், பக்கமே இல்லை என்று 404 காட்டிவிடும். அதை இசைய வைக்க இரண்டு இடத்தில் அமைப்பை மாற்ற வேண்டும். என்ஜின்எக்ஸில் பின்னால் அனுப்பும் முகவரியின் முடிவில் பாதை எதையும் சேர்க்காமல் விட்டாலே போதும், வந்தது வந்தபடி உள்ளே போகிறது. முடிவில் ஒரே ஒரு சாய்கோடு சேர்த்துவிட்டாலும் முகவரியை அது அவிழ்த்துத் திருத்தி எழுதிவிடும். தமிழ்க் கோப்புப் பெயர்களுக்கும் இது பொருந்தும். ‘நெல்’ என்ற சொல் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் 12 பைட்; முகவரியில் குறியாக்கினால் 36 எழுத்து. ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று தேடினால் முகவரி எவ்வளவு நீளும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேடல் படிவங்களை முகவரி வழியாக அனுப்பாமல் உள்ளடக்கமாக அனுப்புவது நல்லது.

இப்போது மிக முக்கியமான குறைக்கு வருகிறேன். பின்னாலிருந்து 60 விநாடிக்குப் பதில் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் கைவிட்டு 504 சொல்லிவிடும். வைல்ட்ஃபிளையில் ஒரு பரிவர்த்தனைக்கு இயல்பாகத் தரப்படும் காலம் 300 விநாடி. தரவுத்தளம் திணறும் நேரத்தில் என்ன நடக்கிறது? விவசாயியின் திரையில் ‘தோல்வி’. உள்ளே அந்தக் கூறு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கடைசியில் பதிவையும் முடித்துவிடுகிறது. அவர் மறுபடி அழுத்துகிறார். ஒரே நிலத்துக்கு இரண்டு வரிசை எண். பதிவு அனுப்பும் கோரிக்கைகளை என்ஜின்எக்ஸ் தானாகத் திரும்ப அனுப்புவதில்லை, அது நல்ல வடிவமைப்பு. மனிதர் திரும்ப அழுத்துவதை அதனால் தடுக்க முடியாது. உள்ளே இருக்கும் காலக்கெடு வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், கூடவே ஒவ்வொரு படிவத்துக்கும் தனி எண் தந்து இரண்டாவது முறை வந்தால் பழைய வரிசை எண்ணையே காட்ட வேண்டும். இரண்டு மென்பொருளின் ஆவணங்களும் தத்தம் காலக்கெடுவை விரிவாகச் சொல்கின்றன, மற்றதைப் பற்றிப் பேசுவதில்லை. இணைப்பவர்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும்.

பாதுகாப்பில் ஒரு நுணுக்கம். வருபவரின் ஐபி முகவரியை முன்சேவையகம் தலைப்பில் எழுதி அனுப்ப வேண்டும், வைல்ட்ஃபிளையில் அதை ஏற்கும் விருப்பத்தையும் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டில் எல்லாரும் 127.0.0.1 என்றே இருப்பார்கள். இணைய வழிகாட்டிகளில் அடிக்கடி காணும் வரி, வருபவர் தானே அனுப்பிய தலைப்பின் வாலில் உண்மை முகவரியை ஒட்டுகிறது. வைல்ட்ஃபிளையோ பட்டியலில் முதலில் இருப்பதை நம்புகிறது. பொய் முகவரி சொல்ல இதைவிட எளிய வழி வேண்டாம். ஒட்டாமல், உண்மை முகவரியை மட்டும் எழுதும்படி வைத்தேன். வைல்ட்ஃபிளையின் 8080, 9990 துறைகள் கணினிக்கு உள்ளே மட்டும் திறந்திருக்கட்டும்.

ஏஜேபி என்ற பழைய இணைப்பு நெறிமுறையைப் பரிந்துரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாம்கேட் என்ற இன்னொரு ஜாவா சேவையகத்தில் அதன் 8009 துறை வழியாகக் கோப்புகளைப் படிக்கவிட்ட ‘கோஸ்ட்கேட்’ ஓட்டை 2020-ல் வெளிவந்தபின் புதிய அமைப்புக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சாதாரண எச்டிடிபி போதும். ஒரே கணினிக்குள் நடக்கும் பேச்சில் வேக வித்தியாசம் உணரவே முடியவில்லை.

நூறு இருநூறு உறுப்பினர்கள், ஒரே ஒரு படிவம் என்றால் வைல்ட்ஃபிளை அதிகம். டாம்கேட்டோ அதைவிடச் சிறியதோ போதும், நினைவகமும் மிஞ்சும். நிலச் சரிபார்ப்பு, எடை, பணம் பட்டுவாடா என்று ஒரு பரிவர்த்தனைக்குள் பல வேலைகள் சேர்ந்தே முடிய வேண்டிய இடத்துக்கு இந்த ஜோடியைத் தயங்காமல் சொல்வேன். காலக்கெடுக்களைக் குறுவை அறுவடையின்போதே சரிபார்த்து முடித்துவிடுங்கள். தை மாதக் கூட்டத்தின் நடுவே வைல்ட்ஃபிளையை நிறுத்தித் தொடங்க இடம் கிடைக்காது.