வெயில் கேட்ட கார்ட்ரிட்ஜ்: பொக்டாய் தொடர் பற்றி

2001ல் வந்த முதல் கேம்பாய் அட்வான்ஸ் பற்றி விளையாடினவங்க திரும்பத் திரும்பச் சொன்ன குறை ஒன்றுதான்: திரை சரியா தெரியல. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு அதில் கிடையாது. ஜன்னலோரம் போகணும், டியூப்லைட்டுக்குக் கீழே சாய்ச்சுப் பிடிக்கணும், இல்லேன்னா வெளியே வரணும். அந்தக் கருவிக்கென்றே வந்த ஒரு தொடர், வெளியே போவதையே விளையாட்டாக மாற்றியது. கொனாமியின் பொக்டாய்.

ஜப்பானிய மொழியில் முழுப்பெயர் ‘போகுரா நோ தாய்யோ’. நம்முடைய சூரியன் என்று சொல்லலாம்; அதன் சுருக்கம்தான் பொக்டாய். மெட்டல் கியர் புகழ் ஹிதேயோ கோஜிமாதான் தயாரிப்பாளர். முதல் பாகம் 2003 ஜூலையில் வந்தது. கருவியில் செருகியபின் வெளியே தெரியும் விளிம்பில், கார்ட்ரிட்ஜிலேயே ஒரு சின்ன ஒளி உணரி. கூடவே ஒரு கடிகாரச் சில்லு. தேதி, நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளும். நமக்கு ராத்திரி என்றால் விளையாட்டுக்குள்ளும் ராத்திரி.

கதையில் பெரிய புதுமை இல்லை. ஜாங்கோ என்ற பையன், அப்பா விட்டுப்போன சூரியத் துப்பாக்கியோடு ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுகிறான். அண்ணன் பெயர் சபாட்டா. இரண்டும் பழைய இத்தாலிய கௌபாய் படங்களின் பெயர்கள், கோஜிமாவுக்கு சினிமா மேல் இருக்கும் கிறுக்கு தெரிஞ்சவங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது, வெயில்தான் தோட்டா. நிஜ வெயில். பாதாள அறைகளின் கூரையில் அங்கங்கே திறப்பு இருக்கும். நீங்க வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தால் அந்தத் திறப்பு வழியாக ஒளி கீழே விழும், அங்கே நின்று துப்பாக்கியை நிரப்பிக்கொள்ளலாம். வீட்டுக்குள் இருந்தால் அதே அறை இருட்டு.

முதல் பாகத்தின் உச்சம் சண்டை அல்ல, சண்டைக்குப் பிறகு வருவது. தோற்ற காட்டேரி சாவதில்லை. அவனைச் சவப்பெட்டியில் அடைத்து, வந்த வழியெல்லாம் திரும்ப இழுத்துக்கொண்டு வாசலுக்கு வரணும். பெட்டி கனம், ஜாங்கோ மெதுவாகத்தான் நடப்பான், உள்ளே இருப்பவன் முட்டி மோதுவான். விட்டுவிட்டு நகர்ந்தால் பெட்டி தானாகவே உள்ளே திரும்பப் பார்க்கும். வெளியே கொண்டுவந்து சேர்த்தபிறகு, சூரிய ஒளியைக் குவிக்கும் எந்திரத்தால் அவனைச் சுத்திகரிக்கணும். இந்த இடத்தில் மேகம் மறைத்தால் எந்திரம் தளரும். அரைமணி நேரம் இழுத்து வந்த பெட்டியை வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பதைத் தவிர உங்களுக்கு வேற வேலை இல்லை. ஒரு விளையாட்டு இதைச் செய்யவைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதை வெறும் வித்தை, ஒரு கிம்மிக் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. மழைக்காலத்தில் என்ன செய்வது? பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைக்கு எது வெயில்? வெளியே போகமுடியாத நோயாளிக்கு? சேர்த்துவைத்த ஒளியைச் செலவழிக்க வழி இருக்கிறதென்றாலும், அது அன்றாட ஓட்டத்துக்குத்தான் உதவும். ஜப்பானில் முதல் மூன்று பாகங்களும் 2003, 2004, 2005 என்று வரிசையாக ஜூலையிலேயே வந்ததைக் கவனியுங்கள். அங்கே கோடை விடுமுறை தொடங்கும் நேரம். அமெரிக்காவுக்கோ முதல் பாகம் செப்டம்பரிலும் இரண்டாவது அக்டோபரிலும் போய்ச்சேர்ந்தன. பள்ளி திறந்து, பகல் குறுகும்போது வெயில் விளையாட்டு! மூன்றாவது அங்கே போகவே இல்லை.

இரண்டாம் பாகத்தில் ஜாங்கோ துப்பாக்கியை இழந்து வாள், சுத்தியல், ஈட்டி எடுக்கிறான். ஆட்டமாக மட்டும் பார்த்தால் முதலாவதைவிட இது விறுவிறுப்பு. ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அவன் பாதி காட்டேரியாகிவிடுகிறான். இருள் வடிவத்துக்கு மாறினால் வெயில் அவனையே சுடும். அதுவரை வெயிலைத் தேடி ஓடியவர் இப்போது நிழலைத் தேடணும். உணரி ஒன்றுதான், அதற்கு அர்த்தம் இரண்டு. வெறும் வித்தைக்கு இவ்வளவு நீளம் தாங்காது.

வித்தையா இல்லையா என்று சோதிக்க ஒரு எளிய வழி, அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது. கொனாமியே அதைச் செய்தது. நான்காவது பாகம் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 2006 நவம்பரில் வந்தது. மேற்கில் 2007ல் லூனார் நைட்ஸ் என்று பெயரையும் மாற்றி, நாயகர்களை லூசியன், ஆரன் ஆக்கினார்கள். கார்ட்ரிட்ஜில் உணரி இல்லை. டிஎஸ் திரை பின்விளக்கு உள்ளது, நல்ல வெயிலில் அதுதான் மங்கும். ஆக, ஐந்தே வருஷத்தில் கருவியின் தேவை தலைகீழாகிவிட்டது. வெயிலுக்குப் பதிலாக விளையாட்டுக்குள்ளேயே ஒரு செயற்கைப் பருவநிலை ஓடுகிறது. கதையிலோ, காட்டேரிகள் வானத்துக்கே ஒரு திரை போட்டுச் சூரியனை மறைத்துவிட்டார்கள். அதனால் பெட்டியை ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, தங்கள் தொடருக்கு நேர்ந்ததையே கதையாக்கிவிட்டார்கள்.

லூனார் நைட்ஸ் மோசமான விளையாட்டு இல்லை. படம் அழகு, இரண்டு நாயகர்களை மாற்றி மாற்றி ஆடுவது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதுபோல அந்தக் கருவியிலேயே வேறு பலவும் உண்டு. பெட்டியை ராக்கெட்டில் ஏற்றியபின் வரும் விண்வெளிச் சண்டையை ஸ்டைலஸால் தட்டித் தட்டி முடிக்கிறோம். முதல் பாகத்தில் வாசலில் காத்திருந்த அந்தப் பதற்றம் அதில் துளியும் இல்லை. அதற்குப்பின் தொடரில் புதுப் பாகம் வரவில்லை.

இன்று இதை ஆடுகிறவர்களில் பலர் எமுலேட்டரில்தான் ஆடுகிறார்கள். மூன்றாம் பாகத்தை ரசிகர்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டார்கள், அது பெரிய தொண்டு. ஆனால் எமுலேட்டரில் சூரியன் என்பது ஒரு அளவுகோல். விசையைத் தட்டினால் உச்சி வெயில், இன்னொரு தட்டில் மேகமூட்டம். நடுராத்திரி போர்வைக்குள்ளிருந்தே காட்டேரியைச் சுத்திகரிக்கலாம். குறியீட்டில் ஒரு வரி குறையாமல் காப்பாற்றிவிட்டோம், அப்படியும் விளையாட்டின் பாதி அந்தக் கோப்பில் இல்லை.

பழைய கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் இன்னொரு சிக்கல். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரி இருபது வருஷத்தில் தீர்ந்திருக்கும். சால்டர் செய்து மாற்றினால்தான் நேரம் மறுபடி ஓடும். உணரிக்கு அந்த பேட்டரி தேவையில்லை. கருவியின் மின்சாரத்திலேயே அது வேலை செய்கிறது, வெளியே எடுத்துப்போனால் திரையின் ஓரத்தில் வெயில்மானி இன்னும் ஏறுகிறது.