மூன்று உருப்படி, ஓர் ஆண்டு

பினாங்கின் சூலியா தெருவில் மாலையில் நடக்கிறவரை இசை தானாகவே தேடி வரும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கு, நாகூர் தர்கா முனையைத் தாண்டினால் மார்க்கெட் தெருக் கடைகளின் திரைப்பாடல், திருவிழா நாளென்றால் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலின் நாதசுரம். இத்தனையும் கேட்டு வளரும் பிள்ளை பியானோ வகுப்புக்குள் போனதும் ஆண்டு முழுக்க மூன்றே மூன்று உருப்படிகளை வாசிக்கிறது. என் கவலை அதுதான்.

பினாங்கில் பியானோ கற்பது என்றாலே பெரும்பாலும் கிரேடு தேர்வுக்குப் படிப்பதுதான். 1889இல் லண்டனில் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியத்தின் எட்டுப் படிகள் இங்கே பல குடும்பங்களுக்கு மனப்பாடம். தனியாக வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு மாதக் கட்டணம்தான் சோறு. பிள்ளை பாதியில் நின்றுவிடாமல் பிடித்துவைக்க அவர் கையில் இருக்கும் வலுவான கயிறு இந்தத் தேர்வு. அடுத்த கிரேடுக்குப் பதிந்துவிட்டால் இன்னும் ஓராண்டு பிள்ளை வரும்.

அந்தக் கயிற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பலருக்குப் பியானோவில் ஒரு சுரம்கூடத் தெரியாது. மாதாமாதம் வெள்ளியை எண்ணிக் கொடுக்கும் ஓர் அம்மாவுக்கு மகள் முன்னேறுகிறாளா, அதே இடத்தில் நிற்கிறாளா என்று எப்படித் தெரியும்? வெளியிலிருந்து வரும் ஒரு தேர்வாளரின் காது அதைச் சொல்கிறது. ஆசிரியருக்கும் அது உரைகல். மூடிய அறைக்குள் என்ன சொல்லித்தருகிறார் என்று வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு தேதி குறித்துவிட்டால் சோம்பல் மாணவனும் உட்கார்ந்து பழகுவான். இவையெல்லாம் உண்மையான நன்மைகள். நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத குடும்பங்களுக்கு இதைவிட நம்பகமான துணை இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நேரடித் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, முன்பின் பார்க்காத தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவிப்பயிற்சிக்கு 18. மொத்தத்தில் 100 வந்தால் தேர்ச்சி. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டியதில்லை. ஆகவே நேரம் போதாத ஆசிரியர் 90 மதிப்பெண் தரும் மூன்று உருப்படிகளையே மாதக்கணக்கில் தேய்க்கிறார். ஆண்டுக்கு ஒரு கிரேடு என்று ஓடினால் எட்டு ஆண்டில் 24 உருப்படி. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்குப் போகும் பிள்ளைகூட இதைவிட அதிகம் நாவில் ஏற்றிக்கொள்ளும்.

பார்த்தவுடன் வாசிக்கும் திறன் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. என் பார்வையில் பெரிய இழப்பு இதுதான். வகுப்பை விட்ட பிறகும் ஒருவரைப் பியானோவில் உட்காரவைப்பது அந்தத் திறன்தான். புதுத் தாளைத் தானாக வாசிக்கத் தெரியாதவளுக்கு ஆசிரியர் இல்லாத பியானோ வெறும் மரப்பெட்டி. என் அக்கா மகள் எட்டாம் கிரேடில் மெரிட் வாங்கியவள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை அவள் முன்னால் விரித்துவைத்தார்கள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் இதைப் பற்றி யோசிக்கவே தொடங்கினேன்.

2020இல் இதே வாரியம் ஒளிப்பதிவு செய்து அனுப்பும் தேர்வைக் கொண்டுவந்தது. நான்கு உருப்படிகளை ஒரே மூச்சில் வாசித்து அனுப்ப வேண்டும். ஸ்கேல் இல்லை, பார்த்து வாசித்தல் இல்லை. தேர்வறையில் கை நடுங்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல், மறுக்கமாட்டேன். ஆனால் சுருங்கிக் கிடந்த திறன் இதில் முழுதாக மறைந்துவிட்டது.

இன்னொரு தடை ஐந்தாம் கிரேடில். அதற்கு மேலே போக ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடான தேர்வு ஒன்றில் தேற வேண்டும். பிள்ளை அங்கே வந்து சேரும் வயது பெரும்பாலும் இடைநிலைப்பள்ளி தொடங்கும் வயது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்மொழிப் பள்ளிக்கு மாறிய பிள்ளை, புகுமுக வகுப்பு, டியூசன் என்று திணறும் நேரத்தில் ஆங்கில விளக்கமும் இத்தாலியச் சொற்களுமாகத் தியரி புத்தகம் வந்து நிற்கிறது. அத்தகைய நிபந்தனை இல்லாத டிரினிட்டி என்ற வேறொரு வாரியத்தின் தேர்வுக்குச் சில ஆசிரியர்கள் இந்த இடத்தில் மாறிக்கொள்வதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகச் செய்கிறார்கள்.

தேர்வின் குறையை மேல்நாட்டார் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. அரங்கேற்றம் முடிந்த வாரமே சலங்கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! இலக்கு ஒரு நாளாகக் குறிக்கப்பட்டால் மனம் அந்த நாளோடு முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேரி மெக்ஃபெர்சன் கருவியிசை கற்கத் தொடங்கிய 157 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். எவ்வளவு காலம் வாசிக்கப் போகிறாய் என்று தொடக்கத்திலேயே அவர்களிடம் கேட்டிருந்தார். வாழ்நாள் முழுதும் வாசிப்பேன் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள், கொஞ்ச காலம் என்று வந்தவர்களைவிடக் குறைந்த பயிற்சியிலும் அதிகம் முன்னேறினார்கள். அந்த எண்ணம் வகுப்புக்கு வெளியே பிறந்திருக்க வேண்டும். இளையராஜாவை எடுத்துக்கொள்வோம். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறியவர், பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றார், டிரினிட்டியின் கிட்டார் தேர்வும் எழுதினார். இசைக்குள் ஏற்கெனவே வாழ்ந்தவரிடம்தான் தேர்வு வந்து சேர்ந்தது.

பிள்ளை நின்றுவிடாமல் இருக்க ஆசிரியர்கள் கையாளும் வேறு வழிகளும் உண்டு. மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவது, நிற்பதற்கு ஒரு மாத அறிவிப்புக் கேட்பது ஆகியவை ஆசிரியரின் வருமானத்துக்கு நியாயமானவை. பிள்ளையின் மனதோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. பரிசாகத் தரும் நட்சத்திர ஒட்டிகள் சிறுபிள்ளைகளிடம் சில மாதம் செல்லும்.

நான் கேட்பது இதுதான்: தேர்வை ஓராண்டு விட்டு ஓராண்டு வையுங்கள். இடைப்பட்ட ஆண்டில் மாணவன் தன் கிரேடுக்கு இரண்டு படி கீழே உள்ள எளிய உருப்படிகளை வாரம் ஒன்றாக வாசிக்கட்டும். கடைத்தெருவில் கேட்ட பாட்டைக் காதால் பிடித்து இடக்கைக்குக் கார்டு (chord) போடட்டும். பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்து நான்கு கைகளால் வாசிக்கட்டும். தனியறைப் படிப்பின் தனிமை அங்கே உடையும். பெற்றோர் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். சேர்க்கும் நாளிலேயே அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்கு என்றுதான் நினைப்பார்கள்.

அக்கா மகளின் பியானோ இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. போன மாதம் அவளுக்கு இரண்டாம் கிரேடு அளவிலான ஒரு தடித்த புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், தப்பு வந்தாலும் திரும்பிப் போகக்கூடாது, மறுநாள் அடுத்த பக்கம். நேற்று கைப்பேசியில் கேட்டேன். 22ஆம் பக்கத்தில் இருக்கிறாளாம்.